பெயர் தைக்காத இடுப்புப் பை

போன சீசனில், வடக்கே ஒரு பனிமலை அடிவாரத்தில், மலையேற வந்தவர்களுக்கு நான் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். சென்னைக்காரர் ஒருவர் தட்டை நீட்டியபடி என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகிலிருந்த பை நல்ல விலையுள்ள பை. அப்படிப்பட்டவர் கடைசியில் கேட்டுவிட்டார்.

"அண்ணே, இந்த இடுப்புப் பை எந்தக் கம்பெனி?"

கழற்றிக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பினார். பிரிந்த நூல் ஒன்று இல்லை. துணியின் வெட்டுவாய் எங்கேயும் தெரியாமல் மடிந்து உள்ளே போயிருந்தது. பெயர் எங்கே என்று தேடினார். பெயர் இல்லை.

"ராஜபாளையம்" என்றேன்.

"நாய்க்குப் பேர் போன ஊரா?"

"ஆமா சார். பேண்டேஜுக்கும்."

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. அன்றைக்கு நான் கிண்டிய உப்புமாவை அவர் ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. பையைத்தான் இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தாரே, அது போதும்.

இதைத் தைத்தவர் ஒரு அக்கா. அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். அதற்குக் காரணம் அவரே சொன்னது. பின்னால் வரும்.

அந்த அக்காவிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு பழக்கம் இருந்தது. தன் சாமானை அடுத்தவர் கையில் கொடுக்கமாட்டார். எங்கள் பக்கத்து பஸ்ஸில் இதைச் சமாளிப்பது எத்தனை கஷ்டம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நின்றுகொண்டு வருகிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்களும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அறிமுகம் எல்லாம் தேவையில்லை. கொடுக்காவிட்டால்தான் சண்டை.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் பஸ்ஸில் அக்காவும் நானும் நின்றுகொண்டு வந்தோம். அக்கா தோளில் பை, கையில் தூக்குச்சட்டி. கோர்ட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற ஒரு பருத்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"கொண்டா தாயி இங்க."

"இருக்கட்டுங்க்கா."

"அட, கொண்டாங்கேன்."

"கனமில்லக்கா. இருக்கட்டும்."

"ஏட்டி, உன் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு அடுத்த ஸ்டாப்புல குதிச்சு ஓடவா போறேன்? இந்த முட்டிய வச்சுக்கிட்டு?"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். தூக்குச்சட்டியைக் கொடுக்கவில்லை. அந்த அம்மா ராஜபாளையம் வரைக்கும் முகத்தை வெளியே திருப்பியே வைத்திருந்தார்.

இறங்கியதும் நான் கேட்டேன். "அந்தம்மா கோவிச்சுக்கிட்டாங்களே, குடுத்திருந்தா என்ன?"

"நான் என்ன செய்ய? என் சாமான் இன்னொருத்தர் மடியில இருந்தா எனக்கு நிலையா நிக்க வரலை. கண்ணு அங்கனயே போகுது. அதுக்கு நானே தூக்கிட்டுப் போயிரலாம்."

என்னிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார், முதல் தடவை பார்த்தபோது.

அது மலையில். ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றுபோனது. அப்பா இறந்தது ஒரு காரணம். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராதது இன்னொரு காரணம். லாரியில் கிளீனராக இருந்தேன், திருப்பூரில் துணி மடித்தேன், கேரளாவில் ஓட்டல் ஒன்றில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். சில ஊர்களில் பசித்திருந்தேன், சில ஊர்களில் இல்லை. நடுவில் சுந்தரபாண்டியத்தில் என் அத்தை வீட்டில் ஒதுங்கியிருந்தபோது சதுரகிரி மலைக்குச் சுமை தூக்கப் போனேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாள்தான் மலைக்கு வழி விடுவார்கள். மேலே சமையலுக்கு வேண்டிய அரிசி, காய்கறி, எண்ணெய் எல்லாம் ஆள் தலையில்தான் ஏற வேண்டும். என் தலை காலியாக இருந்தது. கொடுத்தேன்.

அப்படி ஒரு அமாவாசையில் அடிவாரத்தில் அவரைப் பார்த்தேன். நாற்பதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு. தோளில் பையை மாட்டிக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, ஏறத் தயாராக நின்றார்.

"அக்கா, பையைக் குடுங்க. மேல வரைக்கும் நான் கொண்டு வாரேன்."

என் தலையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். "தலையில ஒரு வீட்டையே தூக்கி வச்சிருக்க. பத்தலையா?"

"இது தலையில. அது கையிலதான?"

"என் கை சும்மாதான இருக்கு தம்பி. அதுக்கு எதுக்கு உன் கை?"

பேச்சு கொடுத்துக்கொண்டே ஏறினோம். தலைமேல் வைக்கிற சும்மாடு பற்றிக் கேட்டார். பழைய துண்டைச் சுற்றி வைத்தால் எந்த இடத்தில் வலிக்கும், கழுத்தா முதுகா, இறங்கும்போதா ஏறும்போதா என்று துருவித் துருவிக் கேட்டார். சுமை தூக்குகிறவனிடம் கூலி எவ்வளவு என்று கேட்பார்கள். எங்கே வலிக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. மேலே போய்ச் சேர்வதற்குள், அவர் வேலை பார்க்கிற பேண்டேஜ் யூனிட்டில் பண்டல் தூக்க ஆள் தேவை என்பதும், நான் அடுத்த திங்கட்கிழமை அங்கே போகப்போகிறேன் என்பதும் முடிவாகிவிட்டது.

ராஜபாளையத்தில் நூல் மில்லுக்கு அடுத்தபடி பேண்டேஜ்தான். காயத்துக்குக் கட்டுகிற மெல்லிய துணி, பஞ்சுச் சுருள், ஆபரேஷன் செய்தவர்கள் வயிற்றில் கட்டுகிற பெல்ட் எல்லாம் எங்கள் ஊரிலிருந்து லாரி லாரியாகப் போகும். அக்கா பெல்ட் தைக்கிற மெஷினில் இருந்தார். நான் பண்டல் தூக்கினேன். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே தங்கினேன். என் கணக்கில் அது ரொம்ப நாள்.

அங்கேயும் அதே கதைதான். வெட்டிய துண்டுகளைக் கட்டுக்கட்டாகத் தையல்காரர்களிடம் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. அக்கா மட்டும் எழுந்து வந்து தானே எடுத்துப்போவார். மலைக்குப் போகிறபோது எல்லாரும் முந்தின நாளே பையை ரொப்பி வைப்பார்கள். அக்கா ரொப்பி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். மாத்திரை அட்டையில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்வார். சீப்பை உடைத்துப் பாதி சீப்பு கொண்டுபோவார். "தூக்குறவதான் எடுத்து வைக்கணும்லே" என்பார். "அடுத்தவன் தூக்குதான்னா நாம அம்மியையும் சேத்து வச்சிருவோம்."

பிறகு அவருக்கு மார்பில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த முடிச்சுகளையும் எடுத்ததால், அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது, அந்தத் தோளில் வார் அழுத்தக் கூடாது, அழுத்தினால் கை வீங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். உடம்பு தேறியதும் நடக்கலாம், மலைகூட ஏறலாம், நடப்பது நல்லது என்று சொன்னதும் அதே டாக்டர்தான். வீட்டுக்காரர்கள் முதலில் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவர் வீட்டுக்காரர் நூல் மில்லில் ஃபிட்டர். நல்ல மனிதர். அதுதான் தொல்லையாகப் போயிற்று. அக்கா கையிலிருந்து குடத்தை வாங்கினார். காய்கறிப் பையை வாங்கினார். வேலைக்குத் திரும்பியபோது சாப்பாட்டுத் தூக்கை வாங்கி என் கையில் கொடுத்தார். "தம்பி, நீயே கொண்டுபோய்க் குடுத்திரு. அவ கேட்டாலும் குடுக்காத." யூனிட்டிலும் அப்படித்தான். வெட்டிய துண்டுகளை மெஷின் பக்கத்திலேயே கொண்டுவந்து அடுக்கினார்கள். எல்லாரும் பிரியமாகத்தான் செய்தார்கள். முன்பெல்லாம் மெஷினைவிடச் சத்தமாகப் பேசுகிற அக்கா, வாய் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னார். "இப்பம்லாம் என் கையில குடுக்கிறது காப்பி டம்ளர் மட்டுந்தாம்லே. அதையும் பாதிதான் ஊத்துதாக."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

புரட்டாசி அமாவாசைக்கு மலைக்குப் போகப்போவதாக அவர் வீட்டில் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். கேஸ் சிலிண்டர் தூக்கி வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் தடுக்கவில்லை. "போ. யாரு வேண்டாங்கா? கைய வீசிக்கிட்டுப் போயிட்டு வா. அம்புட்டையும் இந்தப் பய தூக்கிட்டு வருவான்."

"என் சாமானையா?"

"ஆமா. உன் சாமானைத்தான்."

"அப்பிடிப் போறதுக்கு நான் போகாமயே இருந்துக்கிறேன்."

"ஏன், கைய வீசிக்கிட்டுப் போனா சாமி கோவிச்சுக்குமா?"

"சாமி என்னத்துக்குக் கோவிக்கும்? எனக்குத்தான் கோவம் வரும்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சிலிண்டரைப் பார்த்தேன்.

மறுநாள் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அக்கா மெஷினில் உட்கார்ந்தே இருந்தார். தோள் கூடாது என்றால் இடுப்பு இருக்கிறதே என்று யோசித்திருக்கிறார். இடுப்பில் கட்டுகிற மாதிரி ஒரு பை. தூக்கியிருக்கிறோம் என்பதே தெரியாத அளவுக்கு லேசாக. வீட்டுக்காரர் பிடுங்கி வாங்க நினைத்தால், வாங்குவதற்கு அதில் ஒன்றுமே இல்லையே என்று அவருக்கே தோன்ற வேண்டும்.

முதல் பையில் அவர் செய்த தவறு எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. லேசான துணி என்றதும் அவருக்கு வேறெந்தத் துணியும் நினைவுக்கு வரவில்லை. பேண்டேஜ் துணியையே நாலு மடிப்பாக மடித்துத் தைத்துவிட்டார். பார்க்கப் பூப்போல இருந்தது. பஞ்சுச் சுருள் நிறுக்கிற தராசில் வைத்தால் எண் அசையவே யோசித்தது. எனக்கே வாய் பிளந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவில் ஆற்றுப் பக்கம் நடந்து பார்க்கப் போனோம். மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அக்கா நின்றார். இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பை தண்ணீரைக் குடித்துப் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி தொங்கியது.

அவருக்கு வந்த சிரிப்பில் பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இத்தனை வருசமா இதத்தான தைக்கேன்? ரத்தத்த உறிஞ்சுறதுக்குன்னே நெய்த துணி. மழையை மட்டும் வேண்டாங்குமா?"

பையைக் கழற்றிப் பிழிந்தார். ஒரு சொம்புத் தண்ணீராவது இருக்கும்.

இரண்டாவது, குடைத்துணி. அது நனையாது, கனக்காது. வீட்டில் கம்பி ஒடிந்த குடை ஒன்று இருந்தது. ஒடிந்தது ஒரு கம்பிதான். மழைக்காலத்துக்கு முன்னால் சரிசெய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் வைத்திருந்தார்.

"என் குடை எங்க?"

"அந்தா, மூலையில."

"கம்பிதான இருக்கு?"

"கம்பிதான ஒடிஞ்சது? அதான் சரிபண்றதுக்கு உங்களுக்கு வச்சிருக்கேன்."

குடையைப் பிரித்தால் முக்கோணம் முக்கோணமாக எட்டுத் துண்டு வரும். நாலு துண்டில் பை தைத்தார். நடுவில் அகலம், இரண்டு பக்கமும் ஒடுங்கிப் போகும். இடுப்போடு ஒட்டி உட்கார அதுவே வாகாக இருந்தது. கழித்துக் கட்டிய வயிற்று பெல்ட்டிலிருந்து வாரும், கர்ரென்று பிரித்து ஒட்டுகிற வெல்க்ரோவும் எடுத்துக்கொண்டார். ஜிப் வேண்டாம் என்றார். ஜிப் கனமாம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புக்குப் போய் நடந்தோம். அக்கா ஒரு பாறையிலிருந்து கீழே கால் வைத்தபோது சர்ரென்று சத்தம் கேட்டது. தையல் முழுக்க விட்டுப்போய், தண்ணீர் பாட்டில் உருண்டு ஓடைக்குள் விழுந்தது. நான் அதன் பின்னாலேயே ஓடினேன். முட்டி சிராய்த்து, பாட்டிலோடு மேலே வந்தபோது அக்கா பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, ஊசி போன ஓட்டையெல்லாம் வரிசையா இருக்கு. தபால் ஸ்டாம்பு கிழிக்கிற மாதிரி கிழிஞ்சிருக்கு. கிழிச்சுக்கன்னு நானே ஓட்டை போட்டுக் குடுத்திருக்கேன்."

"துணி மட்டமாக்கா?"

"துணி என்ன செய்யும்? பெல்ட் தைக்கிற ஊசி. அது தடிமாடு. இதுக்கு ரவிக்கை தைக்கிற ஊசி போட்டிருக்கணும். கைப்பழக்கத்துல நெருக்கி நெருக்கித் தச்சுப்புட்டேன்."

என் முட்டியில் ரத்தம் வந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தார். முதல் பையிலிருந்து மிச்சம் வைத்திருந்த பேண்டேஜ் துணியைக் கிழித்துக் கட்டினார். "இதுக்குத்தான் இந்தத் துணி" என்றார்.

மிச்சமிருந்த நாலு துண்டில் மூன்றாவது பை. மெல்லிய ஊசி போட்டார். தையலை நீட்டி விட்டார். தைத்ததைத் திருப்பி, ஓரத்தை மடித்து உள்ளே விட்டு மறுபடி தைத்தார். அப்படித் தைத்தால் இழுபடும்போது துணியும் சேர்ந்து தாங்குமாம். தையல் வழியாகத் தண்ணீர் இறங்காமல் இருக்க மெழுகுவர்த்தியால் தேய்த்தார். வாரில் மிச்சமாகத் தொங்கிய நுனியைக்கூட விடவில்லை. வெட்டினார், தராசில் வைத்தார், மறுபடி வெட்டினார். இரண்டு பேண்டேஜ் சுருளின் எடைகூட இல்லை என்று ஆனபோதுதான் கத்தரியைக் கீழே வைத்தார்.

யூனிட்டில் எல்லாப் பொருளிலும் ஒரு வெள்ளைத் துண்டில் பெயர் அச்சடித்துத் தைப்பது வழக்கம். எனக்கு ஒரு ஆசை. "அக்கா, உள்பக்கமா உங்க பேரைத் தச்சுவிடுங்க. சின்னதா."

அவர் அந்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார்.

"பேருக்கும் எடை இருக்குலே. அதையும் தூக்கிக்கிட்டு எதுக்கு மலை ஏறணும்?"

நானும் அதனால்தான் எழுதவில்லை.

வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்த விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா பின்னாலிருந்து பையை அவர் இடுப்பில் கட்டிவிட்டார். உள்ளே பாட்டில், துண்டு, மலைக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. "வாரு நீளம் பாக்கணும், செத்த நேரம் போட்டிருங்க" என்றார். சாப்பிட்டு முடித்தவர் பேப்பர் படித்தார், சட்டையை மாட்டினார், தெருமுனை டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் அந்தக் கடையில்தான் நின்றிருந்தேன்.

டீ மாஸ்டர் கேட்டார். "என்ன மாப்ள, எப்பம் ஆபரேஷன்?"

"எனக்கா? எனக்கென்ன ஆபரேஷன்?"

"சட்டைக்குள்ள பெல்ட் புடைச்சுக்கிட்டுத் தெரியுதே. குடலிறக்கமா?"

பேண்டேஜ் ஊரில் இடுப்பில் எதைக் கட்டினாலும் ஆபரேஷன்தான். கடையிலிருந்த நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். அவர் கையை இடுப்பில் வைத்துப் பார்த்துத் திகைத்துப்போனார். கட்டியிருப்பதையே மறந்திருக்கிறார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். பையைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தார்.

"போயிட்டு வா" என்றார்.

ஆனால் அவர் மனசு ஆறவில்லை. அமாவாசைக்கு முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அவளா கேக்க மாட்டா. மூச்சு வாங்குச்சு, கைய வலிக்குன்னு உக்காந்தாள்னா நீ பிடுங்கி வாங்கிரு. திட்டுனா நான் வாங்கிக்கிறேன்."

சரி என்று தலையாட்டினேன்.

அன்று நான் மேலே சமையலுக்குக் காய்கறி மூட்டை தூக்கினேன். அக்கா எனக்கு நாலு எட்டு முன்னால் போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது வாங்கிய பால்கோவாப் பொட்டலம் ஒன்றும் பைக்குள் ஏறியிருந்தது. முதல் ஓடை தாண்டினார். கூட்டத்தோடு கூட்டமாக வழுக்குப்பாறை ஏறினார். அதன் மேல் ஒரு திருப்பத்தில் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். இடது கையை வலது கையால் தாங்கி மார்போடு அணைத்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

மூட்டையைப் பாறைமேல் இறக்கினேன். ஏதாவது ஆகிவிட்டால் கீழே போய் அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது? கையை நீட்டினேன்.

"குடுங்கக்கா."

நிமிர்ந்து பார்த்தார். "அவிய சொல்லிவிட்டாகளாக்கும்?"

நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"கை வீங்கியிருக்கா, பாரு."

பார்த்தேன். இரண்டு கையையும் சேர்த்து வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே அளவுதான்.

"வீங்கலைல? பொறவு என்ன? இது கை வலி இல்லலே. மாசக்கணக்கா ஏறாத கால் வலி. செத்த நேரம் இரு."

பையைக் கர்ரென்று திறந்தார். பால்கோவாவைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். மிச்சத்தை நிதானமாகத் தின்றார். தண்ணீரைக் குடித்தார். அதற்குள் கிளையிலிருந்து இரண்டு குரங்கு இறங்கி வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்துவிட்டன. வெல்க்ரோ பிரிக்கிற சத்தம் கேட்டால் தின்பண்டம் வெளியே வரும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா பையை மூடி எழுந்தார். "இப்ப லேசாயிருச்சு. நட."

வீட்டுக்காரரிடம் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கொஞ்சநேரம் கழித்து மேலே கோயில் மணி கேட்டது. கடைசி ஏற்றத்தில் என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் அக்கா ஏறினார். இடுப்பில் அந்தக் கறுப்புப் பை ஒட்டிக்கொண்டு போனது. ஆடவில்லை, தொங்கவில்லை. சுமை தூக்குகிறவன் கண்ணுக்கு அது தெரியும். பக்கத்தில் வந்த சுமைக்காரர் ஒருவரிடம், "எங்க ஊர் அக்கா. தானா தச்ச பை" என்று கேட்காமலே சொன்னேன்.

இறங்கும்போதுதான் எனக்கு நடந்தது. தலையில் மூட்டை இல்லாவிட்டால் நான் கவனமாகக் கால் வைப்பதில்லை. ஈரப் பாறையில் வழுக்கி, கணுக்கால் மடங்கி விழுந்தேன். எழுந்து நின்றால் கால் ஊன்ற முடியவில்லை. யாரோ ஒருவர் தன் மூங்கில் கம்பைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கையில் கம்பு, இன்னொரு கையால் பாறையைப் பிடிக்க வேண்டும். என் சாமானைப் பிடிக்கக் கை இல்லை. சாமான் என்றால் என்ன, ஒரு மஞ்சப்பை. அதில் சும்மாட்டுத் துண்டு, மாற்றுச் சட்டை, போன், மேலே கொடுத்த சோற்றுப் பொட்டலம்.

அக்கா திரும்பி வந்து எதிரில் நின்றார். கையை நீட்டினார்.

"குடு."

"வேண்டாங்க்கா. நான் கழுத்துல மாட்டிக்கிறேன்."

"கழுத்துல மாட்டுனா முன்னால தொங்கும், கால் வைக்கிற இடம் தெரியாது. குடு."

"அக்கா, உங்களுக்கு…"

"ஏலே, எம்புட்டு நாளா நீ என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்த? நான் ஒருக்கத்தான கேக்கேன்?"

கொடுத்தேன். கர்ரென்று பை திறந்தது. எங்கிருந்தோ குரங்கு வந்தது. அக்கா அதை அதட்டிவிட்டு, போனையும் சட்டையையும் உள்ளே வைத்தார். சும்மாட்டுத் துண்டைச் சுருட்டி வைத்தார். சோற்றுப் பொட்டலத்தை ஓர் ஓரமாக நுழைத்தார். மஞ்சப்பையை மடித்து அதையும் வைத்தார். குடைத்துணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அன்றுவரை நான் எத்தனையோ பேர் சாமானைத் தூக்கியிருக்கிறேன். என் சாமானை யாரும் தூக்கியதில்லை. நொண்டிக்கொண்டே அவர் பின்னால் இறங்கினேன். கால் நன்றாகவே வலித்தது. எனக்கு என்னவோ இறங்கி முடியக் கூடாது என்றிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி ஏறிய ராஜபாளையம் பஸ்ஸில் நல்ல கூட்டம். என் காலைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அக்கா கம்பியைப் பிடித்து நின்றார். நான் உட்கார்ந்திருக்கிறேன், அவர் நிற்கிறார். எங்கள் பக்கத்து வழக்கப்படி கேட்டேன். அவர் கொடுக்கமாட்டார் என்று தெரிந்தும், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பையைக் குடுங்கக்கா. மடியில வச்சுக்கிறேன்."

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, ஆடுகிற பஸ்ஸில் காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் வாரைக் கழற்றி, பையை என் மடியில் வைத்தார்.

"பத்திரம்" என்றார். அதற்குப் பிறகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். நிலையாகத்தான் நின்றார்.

ராஜபாளையத்தில் இறங்கியதும் பையை நீட்டினேன்.

"அக்கா, உங்க பை."

"நீயே வச்சுக்க. உன் சாமான்தான உள்ள அடைச்சுக்கிட்டு இருக்கு?"

"அப்ப உங்களுக்கு?"

"இன்னொண்ணு தைக்கணும். இதுல ஒரு குறை இருக்குலே. திறந்தாக் குரங்கு வருது. அடுத்ததுக்குப் பட்டன்தான்."

அந்தக் குறையோடுதான் பை இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த மலைக்குப் போனாலும் நான் பையைத் திறந்தால் குரங்கு வருகிறது. வெல்க்ரோவை எடுத்துவிட்டுப் பட்டன் தைத்துக்கொள்ளலாம். எனக்கு மனசு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். அக்கா கையில் ஒன்றும் இல்லை என்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். நான் பிடுங்கி வாங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார் போல. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அக்கா அவரைப் பார்த்து ரோட்டைக் கடந்து போனார், இரண்டு கையையும் நன்றாக வீசிக்கொண்டு.